ரிவர்ஸ் எடுக்க வேண்டாத இடம்

ஓகலாலா, நெப்ராஸ்கா
அக்டோபர், வியாழக்கிழமை

அன்பு ஜோலீன்,

நாங்கள் இருவரும் சுகம். இதை முதலிலேயே எழுதிவிட்டால் மீதியை நீ பதறாமல் படிப்பாய். ஃபோனில் பேசும்போதெல்லாம் உன் அப்பா பூத்துக்கு வெளியே சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் காதில் விழாமல் எதையும் சொல்ல வழியில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

வடக்கே பனி விழுவதற்குள் கிளம்பிவிட்டோம். நம் வீட்டை வாங்கியவர்கள் வந்ததும் வராததுமாகச் சமையலறைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டார்களாம். அடித்துக்கொள்ளட்டும். எங்களுக்கு இனி இந்த வண்டிதான் வீடு. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் சக்கரத்தின் மேல்.

வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. அதை எங்கே நிறுத்துவது என்பதில்தான் தினமும் பாடு. முந்தைய வருஷங்களில் இரவு தங்க இடம் தேடுவதே எங்களுக்கு ஒரு சந்தோஷம். மதியச் சாப்பாடு முடிந்ததும் நான் வரைபடத்தை மடியில் விரிப்பேன். ஆற்றோரமா, நிழல் உண்டா, நடந்து போகிற தூரத்தில் சாப்பிட நல்ல ஆப்பிள் பை கிடைக்குமா என்று இருவரும் சண்டை போட்டு ஓர் இடத்தை முடிவு செய்வோம். இந்த முறை எந்த இடமும் அவருக்கு ஆகவில்லை.

நேற்று இந்த மாதிரி வண்டிகள் தங்குகிற ஏரிக்கரை முகாமுக்குப் போனோம். மரமெல்லாம் மஞ்சளாகி நிற்கிறது. மேலாளர் தண்ணீரை ஒட்டிய இடத்தையே காட்டினார். இரண்டு மரங்களுக்கு நடுவே வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். உன் அப்பா இறங்கிப் பார்த்துவிட்டு, "ஈரம் ஜாஸ்தி மார்லிஸ், உனக்கு முட்டி வலிக்கும்" என்றார். எனக்கு முட்டி வலி கிடையாது. அடுத்து ஒரு பூங்கா, சாலைக்கு இடது பக்கம், எதிரே வரும் வண்டிகளுக்குக் குறுக்கே திரும்ப வேண்டும். திரும்பாமலே தாண்டிப் போய்விட்டார். கேட்டால், எதிரே லாரி வந்ததாம். நான் எந்த லாரியையும் பார்க்கவில்லை. அதற்கடுத்த இடத்தில் ரயில் சத்தம் என்றார்.

கடைசியில் லாரிக்காரர்கள் தங்குகிற ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினோம். "நேரா உள்ள வரலாம், காலையில நேரா வெளிய போயிடலாம். இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?" என்றார். எனக்கு வேண்டியது இருக்கட்டும், என் தலையணைக்குப் பக்கத்தில் மாடு ஏற்றிய லாரி ஒன்று விடியும்வரை உறுமிக்கொண்டு நின்றது. அந்த நாற்றம் இன்னும் என் தலைமுடியில் இருக்கிறது.

உன் வீட்டுக்கு வந்துவிட்டு அரிசோனாவுக்குப் போகும்போது டெஸ்ஸாவை எங்களோடு அனுப்புவதாகச் சொன்னாயே, அவளிடம் இப்போதைக்கு உறுதியாக எதுவும் சொல்லிவிடாதே. ஏன் என்று கேட்காதே. எனக்கே இன்னும் பிடிபடவில்லை. பேத்தி வருகிறாள் என்று அவளுக்கான படுக்கைக்குப் புது உறையெல்லாம் தைத்து வைத்திருக்கிறேன். ஆனாலும் மனது ஒரு நிலையில் இல்லை.

அன்புடன்,
அம்மா


டிரினிடாட், கொலராடோ
திங்கட்கிழமை

அன்பு மகளே,

யாருக்கும் பெரிய அடி இல்லை. மூச்சை விட்டுக்கொண்டு மேலே படி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சமவெளியில் ஒரு சின்ன ஊரில் முகாமுக்குள் நுழைந்தோம். அப்பாவுக்குப் பிடித்த மாதிரி நேராகப் போய் நேராக வரும் இடம்தான். ஆனால் அதற்குப் போக இடது பக்கம் ஒரு முறை திரும்பியாக வேண்டும். அவர் திருப்பினார். கழுவிய பாத்திரத் தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண் அந்தப் பக்கம் நடந்து வந்தாள். இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கே அவள் தெரிகிறாள். இடது பக்கம், ஓட்டுகிற அவருடைய ஜன்னலுக்கு நேரே இருக்கிறாள். அவரானால் வண்டியை விட்டுக்கொண்டே போகிறார்.

"ஆர்லன், நிறுத்து! ஆளு! ஆளு!" என்று கத்தினேன்.

வண்டி அவளைத் தொடவில்லை. மிரண்டு பின்வாங்கியவள் கீழே விழுந்தாள். உள்ளங்கையில் சிராய்ப்பு. தட்டுகள் எல்லாம் தூள். அவள் கணவன் ஓடி வந்து நம் வண்டிக் கதவில் ஓங்கி அடித்தான். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு பெருசு? இறங்குடா கீழ!"

உன் அப்பாவின் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் இறங்கினார். தொப்பியைக் கழற்றினார். "இடது கண்ணு தெரியல. ரொம்ப நாளாவே தெரியல" என்றார்.

அந்த ஆளின் கை அப்படியே இறங்கிவிட்டது. விழுந்த பெண் எழுந்து வந்து, "வயசானவர்கிட்ட என்ன கத்தல்?" என்று கணவனை அடக்கினாள். அப்புறம் அப்பாவின் பக்கம் திரும்பி, "ஆனா நீங்க இனிமே ஓட்டாதீங்க. எனக்கு மூணு பிள்ளைங்க இருக்கு" என்றாள். பெயர் நோரீனாம். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, ஜோலீன். கோபம். இத்தனை வருஷம் கூடவே இருந்தவளிடம் சொல்லாததை முன்பின் தெரியாதவனிடம் சொல்கிறார். உடைந்த தட்டுகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, உள்ளே சூப்பை வைத்து, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா லைசன்ஸ் போயிடும். அப்பத்தான் வீட்ட வித்துக் கையெழுத்துப் போட்டோம். ஓடாத வண்டிய வச்சுக்கிட்டு உன்ன எங்க கொண்டுபோய் வைப்பேன், சொல்லு?"

அந்த வாரத்தில்தான் அவருக்கே தெரிந்ததாம். கண்ணின் ஓரத்திலிருந்து இருட்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருகிறதாம். பின்னால் எடுப்பது, இடது பக்கம் திரும்புவது எல்லாவற்றையும் விட்டுவிட்டால் சமாளித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார்.

"அப்ப நான் எதுக்கு இருக்கேன்? அறுவடைக்கு உன் தானிய லாரிய யாரு ஓட்டினது?"

"அது வயல்ல. இது ரோடு."

"வயல்லேருந்து கிடங்கு வரைக்கும் ரோடு இல்லாம பறந்தா போனேன்?"

காலையில் அவர் சாவியை மேசையில் என் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

ஆகவே இங்கே வரை ஓட்டி வந்தது நான்தான். பெரிய லாரிகள் கடக்கும்போது காற்று நம் வண்டியை ஒரு தள்ளு தள்ளுகிறது. அப்போதெல்லாம் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொள்கிறேன். ஆனால் அதைவிடக் கஷ்டம் பக்கத்தில் அவரை வைத்துக்கொண்டு ஓட்டுவது. தரையில் இல்லாத பிரேக்கை மிதிக்கிறார். வரைபடத்தை விரிக்கிறார், மடிக்கிறார், மறுபடி விரிக்கிறார். "லேன், லேன்" என்கிறார். நான் லேனில்தான் போய்க்கொண்டிருந்தேன்.

இங்கே இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான். ஆற்றோரம், மரத்தடி, பின்னால் எடுத்துத்தான் நிறுத்த வேண்டும். அவர் இறங்கிப் போய்ப் பின்னால் நின்று, "வா... வா... இன்னும் வா... நில்லு! நில்லுன்னா நில்லுடி!" என்றார். முகாமின் வேலிக் கம்பத்தைச் சாய்த்துவிட்டேன். மேலாளர் ஓடி வந்தார். "நான் பார்த்த பக்கம் சரியாத்தான் வந்துச்சு" என்றார் அப்பா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவருக்கும். மேலாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. சொல்லிவிட்டதால் அவருக்கு மனது ஆறும் என்று நினைத்தேன். இப்போது இன்னும் அதிகமாக அலைகிறார். டயரைத் தட்டுகிறார், மின்சார வயரைப் பிடுங்கிச் சுருட்டுகிறார், "கிளம்பலாமா?" என்கிறார். எங்கே என்று கேட்டால் தெரியாது. அடுத்த மாதம் எங்கே இருப்போம் என்று யாராவது என்னைக் கேட்டால், நானும் அதைத்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கடிதம் எங்களுக்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்பதற்காகவே இங்கே சில நாள் தங்குகிறோம். உன் ஊர் அல்புகர்க்கியில் நல்ல கண் மருத்துவர் யார் என்று விசாரித்து வை. அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். எங்களை உன் வீட்டிலேயே இருந்துவிடச் சொல்லத் தோன்றும் உனக்கு. வந்த அன்றைக்கே அதைச் சொல்லிவிடாதே. டெஸ்ஸாவை அனுப்புவது உன் இஷ்டம். ஓட்டப்போவது நான், கம்பத்தைச் சாய்த்ததையும் மறைக்கவில்லை. அனுப்பவில்லை என்றாலும் எனக்கு வருத்தம் இல்லை.

உனக்கும் குழந்தைக்கும் கடவுள் துணை இருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். வண்டி உன் வீட்டு முன்னால் வந்து நின்றதும் என் பக்கம் ஓடி வராதே. அவர் பக்கம் போ. அவர் இறங்கும்போது அவருக்கு வலது பக்கமாக நின்றுகொள். நீ வந்து நிற்பது அவருக்குத் தெரியட்டும்.

உன் அம்மா,
மார்லிஸ்