இடது ஜன்னல்

பண்ணைக்காடு,
6.12.2024

அன்புள்ள பொன்னுவேலுக்கு,

நலம். நீயும் கண்மணியும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவரின் துஆ. உன் கடிதம் கிடைத்தது. போனில் கேட்டால் "சரி, பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் தாளில் எழுதியிருக்கிறாய். தாளில் எனக்குக் கொஞ்சம் தைரியம் உண்டு.

கடற்காவல் விமானங்கள் பன்னிரண்டு வாங்குவதாக இருந்ததை ஆறாகக் குறைக்கலாமா என்று ஆராய ஐந்து பேர் குழு போட்டிருக்கிறார்கள், அதில் நீயும் ஒருவன் என்று ரஹ்மத் பீவியிடம் சொன்னேன். "அண்ணனுக்கு இன்னும் அந்தச் சோலி முடியலையா?" என்று கேட்டாள். உண்மைதானே. நாம் அந்த விமானத்தை விட்டு இறங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

நான் எனக்காக எழுதி வைத்த குறிப்புகளைக் கேட்டிருக்கிறாய். எட்டு நோட்டுகள், எட்டும் பத்திரமாக இருக்கின்றன. நீ ஓட்ட, நான் இடது ஜன்னலில் உட்கார்ந்து கடலைப் பார்த்த பதினோரு வருடங்கள். நானூற்றுப் பன்னிரண்டு பறப்புகள். ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், எரிபொருள், பார்த்தது என்ன என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறேன். கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் "ஒன்றுமில்லை" என்றுதான் இருக்கும். அது எத்தனை தடவை என்று எண்ணித் தரச் சொல்கிறாய். எண்ணுகிறேன். எதற்கு என்று மட்டும் கேட்கலாமா? கேட்டது தவறென்றால் விட்டுவிடு.

இங்கே காபி பறிப்பு முடியப் போகிறது. மிளகு இனிமேல்தான். காலையில் மேகம் பள்ளத்தாக்கு முழுவதும் நிறைந்துவிடுகிறது. சின்ன மலைகளின் தலைகள் மட்டும் தீவுகளாக வெளியே நிற்கும். கரை எது, வானம் எது என்று தெரியாது. மாடியறையில் இரண்டு ஜன்னல்கள். அரை மணி இடதில், அரை மணி வலதில் என்று உட்கார்ந்து பார்க்கிறேன், பணியில் செய்தது போலவே. ஒரே பக்கம் அரை மணிக்கு மேல் பார்த்தால் கண் இல்லாததைக் காட்டும் என்று நமக்குச் சொல்லித் தந்தார்களே. "நீங்க பாக்காட்டி அது எங்கயும் ஓடிப் போயிருமாக்கும்?" என்கிறாள் ரஹ்மத்.

அன்புடன்,
பஷீர் அகமது


சென்னை,
14.12.2024

ஏலே பஷீர்,

எதற்கு என்று கேட்பதற்கே மன்னிப்புக் கேட்கிறவன் உலகத்தில் நீ ஒருவன்தான். பழனிப் பள்ளிக்கூடத்தில் என் முதுகுக்குப் பின்னால் நின்று கையைத் தூக்கியவன், வாத்தியார் திரும்பியதும் என் கையைத் தூக்கிவிட்டவன். மாறவே மாட்டாய்.

விஷயம் இதுதான். குழுவில் இரண்டு பேர் குறைக்கலாம் என்கிறார்கள். இரண்டு பேர் கூடாது என்கிறார்கள். ஐந்தாவது ஆள் நான். குறைக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆளில்லாத விமானங்கள் வந்துவிட்டன. ஒரு நாள் முழுக்க இறங்காமல் சுற்றும். அதற்கு முதுகு வலிக்காது, தூக்கம் வராது, வெட்கமும் கிடையாது. எதிர்ப்பக்கம் உள்ளவர்கள் "மனிதக் கண்ணுக்கு ஈடாகுமா?" என்று பேசுகிறார்கள். அந்த மனிதக் கண் பத்தில் ஒன்பது தடவை ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டுத்தான் திரும்பியது என்று உன் கணக்கை முன்னால் வைக்கப் போகிறேன்.

உன் கணக்கை யாரும் அசைக்க முடியாது. பஷீர் ஒன்றுமில்லை என்றால் அங்கே ஒன்றுமில்லை. அந்தச் சொல்லை நம்பித்தான் ஓட்டினேன். இன்றைக்கும் அதை நம்பித்தான் இருக்கிறேன்.

ஜனவரி இருபதாம் தேதி கூட்டம். வெரசா அனுப்பு. கண்மணி பக்கத்தில் நின்று, "போன வருசத்து மிளகு தீந்துபோச்சு, அண்ணன்கிட்ட வெக்கப்படாம கேளுங்க" என்கிறாள். கேட்டுவிட்டேன்.

பொன்னுவேல்


பண்ணைக்காடு,
27.12.2024

அன்புள்ள பொன்னுவேல்,

வீட்டில் மீதியிருந்த மிளகைத் தனியாகக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். அதை ஒரு தடவை வெயிலில் காட்டிவிட்டு டப்பாவில் போடும்படி கண்மணியிடம் சொல்.

மூன்று தடவை எண்ணினேன். முந்நூற்று எழுபத்தொன்று. இன்னொரு முறை எண்ணியபோது முந்நூற்று எழுபது வந்தது. எண்ணிக்கையில் தவறில்லை. ஒரு வரியைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் சந்தேகம். நீதான் சொல்ல வேண்டும். இதை எழுத ஒன்பது நாள் ஆயிற்று, பொறுத்துக்கொள்.

நான் உன் விமானத்துக்கு வந்த முதல் மாதம் நினைவிருக்கிறதா? "இடது பக்கம், ஆரஞ்சு" என்று ஒலிவாங்கியில் கத்தினேன். நீ விமானத்தைத் திருப்பித் தாழ்வாக இறக்கினாய். தண்ணீரில் மிதந்தது காலி வெங்காயச் சாக்கு. எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் என் இருக்கையில் ஒரு வெங்காயம் இருந்தது. அடுத்த பறப்பிலும் இருந்தது. ஒரு மாதம் இருந்தது. நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் நிஜம்தானா என்று உள்ளுக்குள் ஒருமுறை கேட்டுக்கொண்டே சொல்லப் பழகினேன்.

இருநூற்று முப்பத்து மூன்றாவது பறப்பு. 1993, நவம்பர். புயலுக்கு மறுநாள், ஐந்து பேரோடு போன மீன்பிடிப் படகைத் தேடினோம். ஆரஞ்சுத் தார்ப்பாய் போட்ட படகு என்று அவர்கள் வீட்டுப் பெண்கள் சொல்லியிருந்தார்கள். மூன்று மணி நேரமாக அந்த நிறத்தையே தேடியதில் கண்ணை மூடினாலும் அதுதான் தெரிந்தது. என் அரை மணியின் கடைசி நிமிடம். கடல் பால்போல் இருந்தது. அதில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி. ஒரு இமைப்பு நேரம். அப்புறம் இல்லை.

விமானத்தில் உன்னை நீ என்று கூப்பிடக் கூடாது. "சார், இடது பக்கம்" என்று சொல்ல வேண்டும். நாக்கு வரை வந்தது. வெங்காயம் நினைவுக்கு வந்தது. அரை மணி முடிந்துவிட்டது, கண் பொய் காட்டுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுந்து இடம் மாறினேன். நோட்டில் "ஒன்றுமில்லை" என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். அந்தப் படகு கிடைக்கவே இல்லை.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. முந்நூற்று எழுபத்தொன்றா, முந்நூற்று எழுபதா?

பஷீர்


சென்னை,
4.1.2025

பஷீர்,

மிளகு வந்தது.

முப்பத்தொரு வருடம் கழித்து எதற்கு இது? அது சாக்காகவோ நுரையாகவோ இருந்திருக்கும். நீ சொல்லியிருந்தாலும் நான் திரும்பியிருக்க முடியாது. எரிபொருள் தீரும் நிலை, அப்படியே கரைக்கு வந்து சேர்ந்தோம். இதற்குப் போய் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

முந்நூற்று எழுபத்தொன்று என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இருபதாம் தேதிக்குள் வேண்டும்.

பொன்னுவேல்


பண்ணைக்காடு,
9.1.2025

அன்புள்ள பொன்னுவேல்,

உன் கடிதத்தைப் படித்ததும் இரண்டு நாள் லேசாக இருந்தது. நன்றாகச் சாப்பிட்டேன். காலையில் மேகத்தைப் பார்க்கக்கூட உட்காரவில்லை. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் என் புத்தி உனக்குத் தெரியும். நோட்டை எடுத்து எரிபொருள் கட்டத்தைப் பார்த்தேன்.

அன்று நாம் இறங்கும்போது இன்னும் நாற்பது நிமிடம் பறக்க எரிபொருள் மீதி இருந்தது. என் கையெழுத்துதான்.

நீ மறந்திருப்பாய் என்று எழுத நினைத்தேன். நீ மறக்கிறவன் இல்லை. எனக்காகச் சொன்ன பொய் அது. அதற்கு நான் எப்போதும் நன்றியுள்ளவன். ஆனால் அதை வைத்துக்கொள்ள முடியவில்லை.

உன் குழுவைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஒன்றே ஒன்று. ஆளில்லாத விமானம் எடுத்து அனுப்புகிற படத்தை ஏதோ ஒரு அறையில் ஒருவர் உட்கார்ந்து பார்ப்பார் அல்லவா? அவரும் என்னைப் போன்றவராக இருந்தால்? விமானத்துக்கு வெட்கம் இல்லை என்றாய். அவருக்கு இருக்குமே. அவருடைய இருக்கையிலும் யாராவது வெங்காயம் வைத்திருந்தால்? இது தவறான வாதமாகவும் இருக்கலாம். மனிதர் வேண்டாம் என்பதற்கே இது சாட்சி என்று யாரும் சொல்லலாம். எனக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது, முந்நூற்று எழுபத்தொன்றில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்பதுதான். இதுவரை உன்னிடம் மாட்டேன் என்று சொன்னதில்லை. எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். முந்நூற்று எழுபது, கூடவே அந்த ஒரு பறப்பு, நடந்தது நடந்தபடி, என் பெயரோடு. அப்படிக் காட்டுவாயானால் காட்டு. இல்லையென்றால் தாளைத் திருப்பி அனுப்பிவிடு.

பஷீர் அகமது


சென்னை,
22.1.2025

அன்புள்ள பஷீர்,

கூட்டம் முடிந்தது. அதை எழுதுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நானும் பார்த்தேன்.

ஓட்டுகிறவன் இருக்கையும் இடது பக்கம்தானே. அந்தப் புள்ளி என் கண்ணிலும் பட்டது. உன் குரல் காதில் விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. நானே சொல்லித் திருப்பி, அங்கே ஒன்றும் இல்லாமல் போனால் கேப்டன் இருக்கையிலும் வெங்காயம் வரும் என்று நினைத்தேன். சிரிக்காதே, அப்படித்தான் நினைத்தேன். பஷீர் சொல்லவில்லை, எனவே ஒன்றுமில்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முப்பத்தொரு வருடம் நிம்மதியாக இருந்துவிட்டேன். உன் கண்ணைப் பற்றி ஊரெல்லாம் புகழ்ந்தேன். எதற்குப் புகழ்ந்தேன் என்று இப்போது தெரிகிறதா?

இன்னொன்றும். முதல் வெங்காயத்தை வைத்தவன் நான்.

இருபதாம் தேதி உன் தாளை வாசித்தேன். கீழே என் பங்கையும் எழுதிச் சேர்த்து வாசித்தேன். குறைக்கக் கூடாது என்று என் வாக்கைப் போட்டேன். ஆனால் நடந்தது என்ன தெரியுமா? அதுவரை குறைக்கக் கூடாது என்று வாதாடியவர்களில் ஒருவர், "நல்ல கண் உள்ள இரண்டு பேர் பார்த்தும் பேசவில்லை என்றால் மனிதரை நம்பி எப்படி வாங்குவது?" என்று கட்சி மாறிவிட்டார். மூன்றுக்கு இரண்டு. ஆறு விமானம்தான். நீ பயந்தது போலவே.

ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். எங்கிருந்து பார்ப்பவரானாலும், விமானத்திலோ அறையிலோ, சந்தேகம் வந்தால் உடனே சொல்ல வேண்டும், அதற்காக யாரும் சிரிக்கக் கூடாது என்று. முதல் பாதியைச் சேர்த்துக்கொண்டார்கள். சிரிக்கக் கூடாது என்பதை அறிக்கையில் எழுத முடியாதாம்.

நீ பதில் எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

பொன்னுவேல்


பண்ணைக்காடு,
2.2.2025

அன்புள்ள பொன்னுவேல்,

உன் கடிதத்தைப் படித்ததும் பசி என்று நினைத்து இரண்டு இட்லி சாப்பிட்டேன். பிறகுதான் அது கோபம் என்று தெரிந்தது. ஐந்து நாள் இருந்தது. அந்தப் படகில் போன ஐந்து பேரையும் நான் ஒருவனே மனதில் வைத்திருப்பதாக நினைத்தேன். கைக்கெட்டும் தூரத்தில் நீயும் வைத்திருந்திருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம். இங்கே வரும்போது கோபம் பாதியாகிவிடுகிறது. அதையும் எனக்கு முழுதாகச் செய்யத் தெரியவில்லை.

ரஹ்மத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ரெண்டு பேருந்தான் பாத்திருக்கீக. ரெண்டு பேரும் வாயத் தொறக்கல. நல்லாத்தான் பிளேன் ஓட்டுனீக, போங்க" என்றாள். அப்புறம் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

வெங்காயம் வைத்தது நீ என்று எனக்கு அன்றே தெரியும். அது சின்ன வெங்காயம், ஒட்டன்சத்திரத்துச் சரக்கு. அந்த முகாமில் நம் ஊர்க்காரனைத் தவிர வேறு யாரிடம் இருக்கும்?

மிளகு பறித்து முடிவதற்குள் கண்மணியையும் அழைத்துக்கொண்டு வா. வலது ஜன்னல் காலியாகத்தான் இருக்கிறது. வத்தலக்குண்டில் இறங்கினால் ஜீப் அனுப்புகிறேன்.

இன்று காலை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மேகம் வழக்கத்தை விட உயர்ந்து, தோட்டத்து வேலி வரை வந்து நின்றது. சத்தமே இல்லை. நான் இடது ஜன்னலில் இருந்தேன், அரை மணி முடியப் போகிற நேரம். அந்த வெள்ளைக்குள், தூரத்தில், ஆரஞ்சாக ஏதோ ஒன்று. உடனே மறைந்தது. கண் பொய் காட்டுகிறது என்று எழுந்துவிட்டேன். எழுந்தவன் நின்று, "சார், இடது பக்கம், ஆரஞ்சு!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது.

ரஹ்மத் மாவுக்கையோடு ஓடிவந்தாள். "யாருங்க சாரு? எங்க?" என்று கேட்டாள். சிரிக்கவில்லை. என் தோளுக்கு மேலாகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். நாங்கள் இருவரும் காத்திருந்தோம். மேகம் மெதுவாகப் பிரிந்தது. ஆரஞ்சுத் தார்ப்பாய் போட்ட ஜீப் ஒன்று அதற்குள்ளிருந்து மேலே ஏறி வந்தது. பின்னால் கம்பியைப் பிடித்தபடி, தலையெல்லாம் பனி ஈரத்தோடு ஆட்கள் நின்றார்கள்.

"நமக்கு மிளகு பறிக்க வர்றவங்கதான்" என்றாள். பிறகு எண்ணிப் பார்த்துவிட்டு, "கந்தம்மா ஏழு பேரக் கூட்டிட்டு வாரேன்னாளே. அஞ்சு பேருதான் வர்றாங்க" என்று சலித்துக்கொண்டாள்.

ஐந்து பேரும் வந்துவிட்டார்களே, போதும் என்றேன்.

உன்,
பஷீர்