காக்கைக்கு வைத்த ஒரு பிடி

ஆடி அமாவாசை, 1958. திண்டுக்கல்.

இவ்வளவு நேரங்கழித்து எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்தாள்.

கல்லூரி மலரில் வந்த என் ஆங்கிலக் கவிதை நேற்று என் வீட்டுக்காரர் கண்ணில் பட்டுவிட்டது. கல்லறை, நள்ளிரவு மணி, மண்ணுக்குள் ஒருவன். "யாரு செத்தது?" என்றார். நீ என்னை விட்டுப் போனதைத்தான் அப்படி எழுதியிருந்தேன். கல்லூரியில் நாங்கள் படித்த கவிதைகளில் பிரிந்தவர்கள் எல்லாரும் செத்துத்தான் போவார்கள். அதைச் சொல்ல முடியுமா? "பெரியம்மா மகன், எனக்கு அண்ணன்" என்றேன்.

அது அத்தை காதில் விழுந்திருக்கிறது. இன்று மாமாவுக்குப் படைத்த கையோடு இன்னொரு பிடி சோறு பிசைந்தார். "கல்யாணங்காச்சி பாக்காமப் போன பிள்ள, அவனுக்கு யாரு வைக்கப்போறா? பேரு என்ன தாயி?"

இடுப்பில் குழந்தையோடு நின்றேன். வேறு பெயர் தோன்றவில்லை. உன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

அத்தை அதைச் சொல்லிக் கூப்பிட்டு முடிப்பதற்குள் காக்கை ஓட்டில் இறங்கிவிட்டது. "பாத்தியா, வந்துட்டான். அம்புட்டுப் பசி" என்றார். என் வீட்டுக்காரர் காக்கையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிலக்கோட்டையில் நலமாக இருக்கிறாய் என்றுதான் கேள்வி. நோட்டிலிருந்து இந்தத் தாளைக் கிழித்து உனக்கு அனுப்பத் துணிவில்லை. ஆனாலும் நீ, "உயிரோடு இருக்கிறேன்" என்று ஒரு வரி எழுது. சீக்கிரம் எழுது.