நடு வயிற்றில் ஒரு வரப்பு

ஸ்வான்சீ
4 மார்ச் 2019

நெரிஸுக்கு,

நலம்தானே? உன் தலையணைகளும் நலமா? போனில் உன் குரலைக் கேட்கப் பிடிக்காமல்தான் கடிதம்.

பதினோரு வருடம் சேர்ந்து நடத்திய பிலாட்டீஸ் உடற்பயிற்சிக் கூடத்தை விட்டு, இரண்டு தெரு தள்ளி நீ தனிக்கடை போட்டதைக்கூட மறந்துவிட்டேன். நேற்று உன் சன்னல் வழியாகப் பார்த்ததைத்தான் மறக்க முடியவில்லை. எட்டு கர்ப்பிணிகள் தலையணையில் சாய்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். மூச்சு விட யாருக்கடி வகுப்பு வேண்டும்? ஒருத்தி சுவரைத் தள்ளினாள். சுவர் நகர்ந்ததா?

என் மகள் கேட்ரின் பிள்ளை பெற்று ஏழே வாரம். மல்லாந்து படுத்து, தலையையும் காலையும் தூக்கி, நூறு எண்ணும்வரை கைகளை மேலும் கீழும் அடிக்கிறாள். "இடுப்பு வலிக்குதும்மா, போதும்மா" என்று அழுதாள். சோம்பேறித்தனம் என்றேன். முடிக்கும்போது அவள் நடு வயிற்றில் வரப்பு மாதிரி ஒரு மேடு எழுந்து நின்றது பார், அதுதான் பலம். என் வயிற்றிலும் அதே வரப்புதான். பதினோரு வருடம் பார்த்தவள்தானே நீ!

வெல்ஷ் கேக் சுட்டேன். உனக்கு அனுப்பவில்லை.

க்வெண்டா

---

7 மார்ச்

க்வெண்டா,

உன் கேக் இல்லாமலே நன்றாக இருக்கிறேன்.

முப்பது வருடம் பாடம் சொல்லிக்கொடுத்தவளுக்கு மேடு எது, பலம் எது என்று தெரியவில்லை. வெட்கக்கேடு. கர்ப்பத்தில் வயிற்றுத் தசை நடுவில் இரண்டாக விலகுகிறது. அது சேருவதற்குள் தலையைத் தூக்கினால், உள்ளே இருப்பது அந்த இடைவெளியில் முட்டிக்கொண்டு மேலே வரும். நீ மெச்சிக்கொண்ட வரப்பு அதுதான்.

கேட்ரினை முழங்கால் மடக்கிப் படுக்கச் சொல். தலையைக் கொஞ்சமாகத் தூக்கட்டும். தொப்புளுக்கு மேலே விரல்களை ஒட்டி வைத்து அழுத்து. எத்தனை விரல் இறங்குகிறது என்று பார். இரண்டுக்கு மேல் போனால் அந்த நூறை நிறுத்திவிட்டு, வாயை மூடிக்கொண்டு அவளை என்னிடம் அனுப்பு.

நெரிஸ்

---

10 மார்ச்

நெரிஸ்,

உன் கடிதத்தைக் குப்பையில் போட்டேன். மறுநாள் எடுத்தேன். தேயிலைக் கறை பட்டிருக்கிறது.

கேட்ரினுக்கு நான்கு விரல் இறங்கியது. "எத்தனைம்மா?" என்று கேட்டாள். அவளைச் சோம்பேறி என்று சொன்ன அதே வாயால் நான்கு என்று சொன்னேன். வியாழக்கிழமை அவள் உன்னிடம் வருகிறாள். சுவரைத் தள்ளச் சொன்னால் தள்ளுவாள். நான் சிரிக்கமாட்டேன்.

அவள் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு நானும் தரையில் படுத்தேன். எனக்கு மூன்று. கேட்ரினைப் பெற்று முப்பத்தொரு வருடம் ஆகிறது. இத்தனை காலமும் இந்த வயிற்றைக் காட்டித்தான், மேடு இப்படி நிற்கவேண்டும் என்று ஊரிலுள்ள பிள்ளைத்தாய்ச்சிகளுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். எத்தனை பேர் அழுதிருப்பார்கள், நான் எத்தனை பேரை ஏசியிருப்பேன்.

நீ பார்த்தும் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் கேட்டிருப்பாயா என்று திருப்பி எழுதாதே. அது எனக்கே தெரியும்.

உன் வகுப்பில் அறுபது வயதுக்காரியைச் சேர்ப்பாயா? தலையணையை நான் கொண்டு வரவேண்டுமா, அங்கேயே இருக்குமா?

க்வெண்டா