எட்டு நாள் லிஸ்ட்

ஆகஸ்ட் 14, வியாழன்

நாளை சுதந்திர தினம். கடைக்கும் அதை ஒட்டிய எங்கள் பாருக்கும் விடுமுறை. அதனால் இன்று இரண்டு மடங்கு வேலை.

மூன்று மணிக்கே வரிசை ரோட்டைத் தொட்டுவிட்டது. ஒரு நாள் மூடுவதற்கு நாலு நாளுக்கு உண்டானதை வாங்கிப் போகிறார்கள். நாங்களும் வாங்கினோம். பின்னால் காலியாகக் கிடக்கும் சின்டெக்ஸ் தொட்டிக்குள் நாற்பது பெட்டி குவார்ட்டர். தொட்டிக்கு மூடி, மூடிக்கு மேல் ஆம்லெட் மாஸ்டர் சனாவுல்லா பாயின் வெங்காய மூட்டை. நாளைக்கு முன்னால் ஷட்டர் இறங்கி, 'இன்று விடுமுறை' என்று நோட்டீஸ் தொங்கும். பின்சுவர் ஓட்டையில் வியாபாரம் நடக்கும். குடிக்கிறவனுக்கு இரண்டும் தெரியும். போலீசுக்கும் தெரியும்.

ஆனால் அவர்களுக்கும் மேலே காட்ட ஒரு கேஸ் வேண்டும். அதற்கு ஓர் ஆளையும் பதினைந்து பாட்டிலையும் நாங்களே கொடுத்துவிடுவோம். காலையில் போனால் ஸ்டேஷன் ஜாமீனில் சாயங்காலம் வந்துவிடலாம். கோர்ட்டு அபராதம் முதலாளி நல்லுசாமி பொறுப்பு. வருஷத்தில் இப்படி எட்டு நாள். எந்த நாளுக்கு எந்த ஆள் என்று ஜனவரியிலேயே லிஸ்ட் போடுவது சூப்பர்வைசர் வேலை. சூப்பர்வைசர் நான். லிஸ்டில் என் பெயர் கிடையாது. ஜாமீனுக்கு அலைய வெளியே ஓர் ஆள் வேண்டும் என்பது முதலாளி சொல்லும் காரணம். எனக்கும் அது நல்ல காரணமாகவே பட்டது.

நாளைக்குப் பிரபு.

ஆகஸ்ட் 15

பூட்டிய ஷட்டருக்கு முன்னால் முதலாளி கொடியேற்றி எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். பத்தரைக்குப் பிரபு ஜீப்பில் ஏறினான். "அண்ணே, என் வண்டிய நெழல்ல நிப்பாட்டிருங்க" என்றான். நாலு மணிக்கு வந்து மறுபடி சப்ளைக்கு நின்றுவிட்டான்.

ஸ்டேஷன் ரைட்டர் அவனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்: ஒரே ஆளை அடுத்தடுத்துக் கொண்டுவராதீர்கள், அப்புறம் ரிமாண்டுக்கு எழுத வேண்டியிருக்கும். நியாயம்தான். ஆனால் ஆடியில் இரண்டு பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். லிஸ்டில் மிச்சம் பிரபுவும் பாயும் மட்டுமே.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று நல்ல கூத்து. மீலாது நபி என்றைக்கு என்பது பிறை தெரிந்தால்தான் உறுதியாகும். அது உறுதியானால்தான் எங்களுக்குச் சரக்குப் பதுக்கும் நாள் தெரியும். முதலாளி சாயங்காலத்திலிருந்து மூன்று தடவை சமையல்கட்டுக்கு வந்துவிட்டார்.

"பாய், பிறை தெரிஞ்சிருச்சாமா?"

"பள்ளிவாசல்ல சொல்லுவாக மொதலாளி."

"செத்த போன் போட்டுத்தான் கேளேன்யா."

விபூதி பூசிய நெற்றியோடு அவரே வெளியே போய் மேற்கே பார்த்தார். திண்டுக்கல்லில் இன்று இம்புட்டு அக்கறையாக வேறு யாரும் பிறை தேடியிருக்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 25

செப்டம்பர் ஐந்தாம் தேதி என்று அறிவித்துவிட்டார்கள். லிஸ்டை எடுத்துப் பார்த்தேன். செப்டம்பர் 5 – சனாவுல்லா.

ஜனவரியில் அரசாங்க விடுமுறைப் பட்டியலைப் பார்த்துத் தேதிகளை வரிசையாக எழுதி, பெயர்களை வரிசையாக எழுதிக் கோடு போட்டிருக்கிறேன். என்ன நாள், என்ன ஆள் என்று பார்க்கவே இல்லை. எனக்குக் கண் எங்கே போயிற்று?

ஆகஸ்ட் 28

பாய் வாயைத் திறந்தார். இத்தனை நாள் அவராகப் பேசட்டும் என்று நானும் சும்மாதான் இருந்தேன்.

"ஸ்டீபண்ணே, எந்த நாளு வேணாலும் போறேன். ரெண்டு நாளு கூடப் போறேன். அன்னைக்கு மட்டும் வேணாண்ணே. வீட்டுல நபி பேருல மவ்லூது ஓதுற நாளுண்ணே."

அதோடு நிற்கவில்லை. மகள் ஷமாவுக்குச் சித்தையன்கோட்டையில் மாப்பிள்ளை பேசி வருகிறார்கள். பையனின் அத்தா முகமது பாரூக், தேங்காய் மண்டி வைத்திருப்பவர், பள்ளிவாசல் கமிட்டியில் இருக்கிறார். பாய் பைபாஸில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர் என்றுதான் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறதாம். பாரில் வேலை என்று தெரிந்தாலே போச்சு. அதிலும் நபி பிறந்த நாளில் சாராயக் கேஸ் என்று பேர் வந்தால் மகளுக்கு ஜில்லாவிலேயே இடம் கிடைக்காது.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. "ஜனவரியிலயே சொல்லியிருக்கலாம்ல பாய்?" என்று கேட்டேன்.

"ஜனவரியில நீங்க லிஸ்ட்டக் காட்டலயேண்ணே."

செப்டம்பர் 1

முதலாளியிடம் பேசினேன். பிரபு ஏற்கெனவே போனவன். பாய் போக முடியாது. ஒரே ஒரு தடவை ஓட்டையை அடைத்துவிடலாமே என்றேன். ஏதோ அவர் வீட்டை எழுதித் தரச் சொல்லிக் கேட்ட மாதிரி பார்த்தார்.

"அடைச்சா நம்ம ஆளு பூரா வடமதுரைப் பக்கம் போயிருவான். லிஸ்ட் போட்டது நீ. ஆளக் கொண்டாறது உன் பாடு."

செப்டம்பர் 3

பாய் இரண்டு நாளாக என்னைப் பார்ப்பதில்லை. ஆம்லெட்டில் உப்பு அதிகம் என்று மூன்று பேர் சண்டை போட்டார்கள்.

செப்டம்பர் 4

நாற்பத்தைந்து பெட்டி. தொட்டி நிறைந்து, மிச்சத்தை முட்டை அட்டைக்குப் பின்னால் அடுக்கினோம்.

சூப்பர்வைசர் போகக்கூடாது என்று சட்டமா இருக்கு?

செப்டம்பர் 5, வெள்ளி

நான் போனேன். பெரிய தியாகம் என்றெல்லாம் எழுத மாட்டேன். வேறு ஆள் இல்லை. தப்பு என்னுடையது.

பாயைக் காலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். "நீங்களா? நீங்க எதுக்குண்ணே?" என்று கையைப் பிடித்தார். "விடுய்யா, போய் ஓதுற வேலயப் பாரு" என்றேன்.

ஸ்டேஷனில் பெயர், தகப்பன் பெயர், வயது. நாற்பத்தாறு என்றேன். ரைட்டருக்குச் சிரிப்பு. "என்னய்யா, இத்தன வருசமா ஜாமீனுக்கு வந்து நிப்ப, இப்ப ஆளே நீயா?" பதினைந்து பாட்டிலை மேஜையில் அடுக்கி, அதன் பின்னால் என்னை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். இந்தப் போட்டோ புதுசு. ஆகஸ்டில் பிரபுவுக்கு எடுக்கவில்லை. பண்டிகை நாள், மேலே அனுப்ப வேண்டும் என்றார் போலீஸ்காரர். ஜாமீனுக்குப் பிரபு வந்தான். ஐந்து மணிக்கு வீடு.

செப்டம்பர் 6

பேப்பரில் நாலு வரி. 'மீலாது நபியன்று மது விற்றவர் கைது.' அது பரவாயில்லை. போட்டோ வாட்ஸப்பில் சுற்றுகிறது. நம் தெரு குரூப், ஆட்டோ ஸ்டாண்டு குரூப், எல்லாவற்றிலும். என் மூஞ்சி நன்றாகத் தெளிவாக விழுந்திருக்கிறது. ரேஷன் கார்டில்கூட இப்படி விழுந்ததில்லை.

என் வீட்டுக்காரி ஜெசிந்தாவிடம் நேற்றே எல்லாம் சொல்லியிருந்தேன். "அந்தப் பிள்ள கல்யாணம் நடந்தாச் சரி" என்றாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

எப்போதும் எட்டு மணிப் பூசைக்குப் போகிற ஜெசிந்தா இன்று ஐந்தரைப் பூசைக்குப் போய்விட்டு வந்தாள். கூட்டம் இல்லாத பூசை அது.

செப்டம்பர் 21

சம்பந்தம் முடிவாகிவிட்டது. பாய் ஒரு டப்பா பேரீச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். கண் கலங்கியிருந்தது. "மொத பத்திரிக்கை உங்களுக்குத்தாண்ணே. நீங்க வந்து முன்னால ஒக்காந்தாத்தான் நிக்காஹ்." பிப்ரவரி ஒன்றாம் தேதி, ஞாயிறு, சித்தையன்கோட்டையில்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதி வைக்கிறேன், இது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை. வெள்ளைச் சட்டை ஒன்று தைக்கக் கொடுக்க வேண்டும் என்று ஜெசிந்தா இப்போதே சொல்கிறாள்.

அக்டோபர் 2

காந்தி ஜெயந்தி. பிரபு போனான், வந்தான்.

ஜனவரி 3

புது வருஷ லிஸ்ட். இந்தத் தடவை காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளாகப் பார்த்துப் போட்டேன். மூன்று பெயர். பாய், பிரபு, நான். முதலாளி படித்துவிட்டு, "நீயுமா?" என்றார். அவருக்கு ஆள் கிடைத்தால் சரி.

பிப்ரவரி ஒன்றும் வள்ளலார் தினம், மூடுகிற நாள். அன்றைக்குப் பாய் இல்லை, நானும் கல்யாணத்தில் இருப்பேன். பிரபு பெயரைப் போட்டேன். பிரியாணி போச்சே என்று ஒரு பாடு புலம்பினான்.

ஜனவரி 19

வேலை முடிகிற நேரத்தில் பாய் வந்து அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார். கையில் பத்திரிகை. நீட்டவில்லை.

"அண்ணே... தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லுங்க பாய்."

"அந்தப் போட்டோ மாப்பிள்ள வீட்டுக் குரூப்புலயும் வந்திருக்குண்ணே. பாரூக் பாய் அன்னைக்கே கோவத்துல என்னென்னமோ பேசுனாராம். நீங்க வந்து நின்னீங்கன்னா... இவரு ஒங்களுக்கு எப்பிடிப் பழக்கம்னு கேப்பாக. நான் என்னத்தண்ணே சொல்லுவேன்?"

அவர் அழுதுவிடுவார் போல இருந்தது. நான் முந்திக்கொண்டு, "அட, எனக்கும் அன்னைக்கு இங்க வேலை கெடக்கு பாய். பிள்ளையப் பாத்துக்கங்க" என்றேன். பத்திரிகையை நானே வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னது சரிதான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். சரி என்று தெரிகிறது. இருந்தாலும் – வலிக்குதுய்யா. யாருக்காகப் போயி நின்னேன் நான்? சே. இதைக் கேட்கக்கூடாது. கேட்டால் போன காரியத்துக்கு மரியாதை இல்லை.

ஜனவரி 20

ஜெசிந்தாவிடம் சொன்னேன். "அவரு என்ன பண்ணுவாரு, பொம்பளப்பிள்ளயப் பெத்தவரு" என்றாள். சட்டைத் துணியைத் தையல்காரரிடமிருந்து திருப்பி வாங்கிவிடலாமா என்று கேட்டேன். தைக்கட்டும் என்றாள்.

ஜனவரி 31

முப்பத்தெட்டுப் பெட்டி. பிரபுவிடம், நாளைக்கு நீ கல்யாணத்துக்குப் போ, உன் மூஞ்சி எந்த குரூப்பிலும் இல்லை, சாயங்காலம் ஜாமீனுக்கு வந்தால் போதும் என்றேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை "நெசமாவாண்ணே?" என்று கேட்டுக்கொண்டான்.

பிப்ரவரி 1, ஞாயிறு

பத்தே முக்காலுக்கு ஸ்டேஷன். நிக்காஹ் பதினொன்றுக்கு. ரைட்டர் பேனாவை எடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். இன்று புதுச் சட்டை.

"என்ன ஸ்டீபன், வெள்ளையும் சொள்ளையுமா வந்திருக்க? எங்கயும் விசேசமா?"

"கல்யாணம் சார். வேண்டிய பிள்ளை."

"அப்பறம் அங்க போகாம இங்க வந்து ஏன்யா ஒக்காந்திருக்க?"

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றாக இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.

"நான் இங்க இருந்தாத்தான் சார் அங்க நல்லபடியா நடக்கும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. தகப்பன் பெயர் கேட்டார், சொன்னேன்.