நான் எழுதிய ‘கொடுத்தேன்’

சில்க்போர்க், டென்மார்க்
புதன்கிழமை, ஒக்டோபர் 15

அன்புள்ள அஜந்தினிக்கு,

நானும் பிள்ளைகளும் சுகம். நீயும் தவராஜா அண்ணையும் ரொறன்ரோக் குளிருக்குள் சுகமாக இருக்க வேண்டும். உன் அப்பாவின் சுகத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். அதை ஒரு வரியில் எழுத முடியாது.

வெள்ளிக்கிழமை உன் செய்தி கிடைத்தது. முதியோர் இல்லத்துக் குறிப்புகளை ஒவ்வொரு நாளும் ஃபோனில் வாசிப்பதாகவும், அப்பாவுக்கு எல்லாம் ஒழுங்காகக் கொடுப்பது தெரிவதால் நவம்பர் டிக்கெட்டை ரத்துச் செய்துவிட்டு ஈஸ்டருக்கு வருவதாகவும் எழுதியிருந்தாய். அந்தக் குறிப்புகளில் பாதி நான் எழுதியவை. உன் செய்தியை வாசித்ததும் எனக்கு என்மீதே அருவருப்பு வந்தது. தொலைபேசியில் சொன்னால் நீ அழுவாய், நான் உடனே பூசி மெழுகிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

ஸ்கீவ நகரத்து மொழிவகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவள் நீ. என் டேனிஷ் எழுத்தின் லட்சணம் உனக்குத் தெரியும். இந்தப் பராமரிப்பு வேலைக்கு வந்த புதிதில் நான் எழுதிய ஒரு வரியைத் தேநீர் அறையில் சத்தமாக வாசித்துச் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்குப் பிழைவராத ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன். உணவு கொடுத்தேன், மருந்து கொடுத்தேன், குளிப்புக் கொடுத்தேன். பதினெட்டு வருடமாக இதுதான். எழுதத் தெரிந்த டேனிஷ்காரப் பிள்ளைகளும் அதையேதான் எழுதுகிறார்கள். அவர்களுக்குச் சோம்பல், எனக்கு வெட்கம்.

இனி, நாங்கள் கொடுப்பது என்னவென்று கேள். சாப்பாடு மூன்று நிறத்தில் அரைத்து வரும். தட்டை முன்னால் வைக்கிறோம். அடுத்த அறையில் மணி அடிக்கும், ஓடுகிறோம். திரும்பி வரும்போது அது ஆறி, மேலே ஆடை படிந்திருக்கும். ஒரு கரண்டியை வாயில் திணிக்கிறோம். அவர் துப்புகிறார். நாடியைத் துடைத்துவிட்டு மிச்சத்தைக் குப்பையில் கொட்டுகிறோம். மாத்திரையை நொறுக்கி ஜாமில் குழைத்து, தாடையைப் பிடித்து உள்ளே தள்ளுகிறோம். குளிப்பாட்டுவதில்லை, ஈரத்துணியால் ஒற்றி எடுக்கிறோம். விடிந்தால் முதலில் தலை முழுகித் திருநீறு பூசுகிற மனிதர் சபாரத்தினம் மாமா. இப்போது அவருடைய அறைக் கதவைத் திறந்தாலே மூத்திர வாடை. உன் அப்பாவைப் பற்றி இப்படி எழுதக் கூசுகிறது. ஓகஸ்ட்டிலிருந்து ஏழு கிலோ இறங்கிவிட்டார்.

பதின்மூன்று பேருக்கு நாங்கள் இரண்டு பேர். அது காரணம்தான். ஆனால் நான் எழுதியதற்கு அது சாட்டு ஆகாது.

சனிக்கிழமை என் மகள் மேனுஜாவிடம், திணித்தேன், துப்பினார், கொட்டினேன் என்பதையெல்லாம் டேனிஷில் எப்படி எழுதுவது என்று கேட்டேன். எழுத்துக்கூட்டிச் சொல்லித் தந்தாள். எதற்கு என்று கேட்டாள், சொன்னேன். வழக்கம்போல டேனிஷில்தான் பதில். அப்படியென்றால் இவ்வளவு காலமும் அம்மா பொய்யா எழுதினீர்கள் என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனாள். பெற்ற பிள்ளை என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை அந்தச் சொற்களையே குறிப்பில் எழுதினேன். நீ அதைப் பார்த்திருக்க மாட்டாய். ஒரு மணித்தியாலத்துக்குள் எங்கள் பொறுப்பாளர் கத்தரீனா கூப்பிட்டாள். கோபமே இல்லை, கோப்பி வேறு ஊற்றித் தந்தாள். தூரத்தில் இருக்கிற பிள்ளைகளை ஏன் வீணாகப் பயமுறுத்துகிறாய் என்று கேட்டாள். மாற்ற மாட்டேன் என்றேன். தானே கணினியைத் திருப்பி, என் வரிகளை எடுத்துவிட்டு, ‘உணவு கொடுக்கப்பட்டது’ என்று அடித்தாள். அடிக்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். போன மாதம் நீ வீடியோவில் வந்தபோது நானும் அப்படித்தான் சிரித்திருப்பேன்.

நாளையிலிருந்து எனக்கு மேல்மாடியில் வேலை போட்டுவிட்டாள். அப்பாவின் குறிப்பை இனி நான் எழுத மாட்டேன். யார் எழுதினாலும் ‘கொடுத்தோம்’ என்றுதான் நீ வாசிப்பாய், நம்பாதே. நான் கத்தினால் வேலைக்காரி கத்துகிறாள் என்பார்கள். நீ மகள். நீ நேரில் வந்து எடை எழுதும் தாளைக் கேட்டால் காட்டித்தான் ஆக வேண்டும். கொம்யூன் நகரசபைக்கு முறைப்பாடு எழுதவும் உன்னால்தான் முடியும். எந்த நாள் என்ன நடந்ததென்று என் பெயரோடு எழுதித் தருகிறேன். வேலை போனால் போகட்டும்.

நேற்று எனக்கு லீவு. குழைசோறும் பருப்பும் கொண்டு, பார்வையாளராகப் போனேன். பக்கத்தில் இருந்து நாற்பது நிமிடம் ஊட்டினேன். பதினொரு கரண்டி விழுங்கினார், ஒன்றையும் துப்பவில்லை. அவருக்குப் பசி, அஜந்தினி. இத்தனை நாளும் பசியோடுதான் இருந்திருக்கிறார். பன்னிரண்டாவது கரண்டிக்கு என் கையைப் பிடித்து நிறுத்தி, நெடுநேரம் முகத்தைப் பார்த்தார்.

“அஜந்தினி, வந்திட்டியே பிள்ளை?” என்று கேட்டார்.

“ஓம் அப்பா, வந்திட்டன்” என்றேன்.

பிறகுதான் வாயைத் திறந்தார்.

என்னை மன்னிக்கும்படி கேட்க இதை எழுதவில்லை. டிக்கெட்டைத் திரும்பப் போடு. ஒரு தடங்கலும் இல்லாமல் நீ வந்து சேர வேண்டும். நான் அவரிடம் சொன்னதை உண்மையாக்க உன்னால் மட்டும்தான் முடியும்.

இப்படிக்கு,
புஷ்பராணி