அப்பாவின் வாக்குத்தத்த அட்டை

ராஜபாளையம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

கல்லறைக் கல் வெட்டுகிறவர் மூன்று தடவை வந்துவிட்டார். அப்பாவின் பெயருக்குக் கீழே எந்த வசனம் போட வேண்டும் என்று கேட்கிறார். நீ இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்தான். நேரில் வந்து கேட்க எனக்கு முகம் இல்லை.

புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொரு வசனமாக எடுக்கும் வாக்குத்தத்த அட்டையை அப்பா பீரோ கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தாரே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆயுசில் பதினைந்து வருஷம் கூட்டித் தருவதாக எசேக்கியா ராஜாவுக்குக் கடவுள் சொன்ன வசனம். அதை நம்பித்தான் சர்க்கரைக்குப் போடும் ஊசியை நிறுத்தினார்.

"யப்பா, அது அந்த ராஜாவுக்குச் சொன்னது. உங்களுக்குச் சொன்னதில்ல. ஊசியப் போடுங்க" என்று நீ கெஞ்சினாய்.

"ஏலே, ஆண்டவரு எனக்குன்னு குடுத்தத இல்லங்கியா? இனி இந்த வாசப்படிய மிதிக்காத" என்றார்.

நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் புத்தாண்டு ஆராதனையன்று கால் வீங்கி அவரால் கோவில் பெஞ்சிலிருந்து எழ முடியவில்லை. இரண்டு பேருக்கும் தட்டிலிருந்து அட்டை எடுத்தது நான்தான். எனக்கென்று ஜெபித்து எடுத்ததில்தான் அந்த வசனம் இருந்தது. அவருக்கென்று எடுத்ததில் களஞ்சியம் நிரம்பும் என்று இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

கல்லுக்கு ஒரு வசனம் நீயே எழுதி அனுப்பு. யாருக்குச் சொன்னது என்று பார்த்து எழுது.

எனக்கு வந்த பதினைந்து வருஷத்தில் எட்டு மாதம் போயிருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா