இருபது கிலோமீட்டர்

ஜூன் 9, திங்கள்

குரூப் ஃபோர் தேர்வுக்கு முப்பத்துமூன்று நாள். காலம், வேகம், தூரம் பாடத்தில் பத்துக் கணக்குப் போட்டேன். ஏழு சரி.

பதினோராவதை நானே எழுதினேன். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை இருபது கிலோமீட்டர். என் வீட்டுக்காரர் காய்கறி இறக்கிவிட்டு ஐந்து மணிக்கு வேனை எடுக்கிறார். மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகமென்றால் 5.40க்கு வீட்டில் இருக்க வேண்டும். ஒரு மாதமாக ஏழு மணிக்குத்தான் வருகிறார். கிளம்பும்போது போன் பண்ணுகிறவர், வழியில் நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. மிச்சம் ஒரு மணி இருபது நிமிடம் எங்கே போகிறது?

கேட்டேன். "ரோட்டுல ஆயிரம் சோலி இருக்கும்" என்றார்.

என்ன சோலி?

ஜூன் 13, வெள்ளி

வேனின் மீட்டரைக் காலையிலும், அவர் திரும்பிய பிறகும் குறித்தேன். சரியாக நாற்பது. அப்படியானால் வேறெங்கும் சுற்றவில்லை. வழியிலேயே எங்கோ நிற்கிறார். நிற்கிற இடத்தில் யாரோ—

எழுதவே கை கூசுகிறது.

ஜூன் 16

ஒரு கணக்கும் ஓடவில்லை.

ஜூன் 19, வியாழன்

பக்கத்துப் பூண்டுத் தோட்டத்து அன்னக்கொடி பேச்சுவாக்கில் சொன்னாள்: "அண்ணன் வண்டி தெனமும் டீக்கடை வளைவுல நிக்குது மதினி."

அந்தக் கடை ராஜகுமாரியுடையது. தனியாக இருப்பவள், சிரித்துப் பேசுகிறவள். அன்னக்கொடி தெரிஞ்சு சொன்னாளா, தெரியாம சொன்னாளா? பதினாறு வருஷம் கூட இருந்து என்னத்தக் கண்டேன் நான்?

ஜூன் 20, வெள்ளி

டவுனில் புத்தகம் வாங்கணும் என்று வேனில் ஏறிக்கொண்டேன். "பஸ்ஸுல போயேன்" என்றார். எதற்கு இந்தத் தயக்கம்?

திரும்பும்போது மஞ்சு இறங்கி ரோட்டை மூடியிருந்தது. டீக்கடை வளைவில் ஓரங்கட்டினார். கடை சாத்திக் கிடந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. முக்கால் மணி நேரம் வேனிலேயே உட்கார்ந்திருந்தோம். ஆறேகால் பஸ் எங்களைக் கடந்ததும் வேனைக் கிளப்பி, அதன் பின்னாலேயே போனார். பஸ் மெதுவானால் இவரும் மெதுவானார்.

"முந்திப் போக வேண்டியதுதானே?"

"வளைவு வரைக்கும் பழக்கத்துல வந்துருவேன். அதுக்கு மேல அந்தச் சிவப்பு லைட்டு மட்டுந்தான் தெரியுது செல்வி. ரோடு தெரியல."

"எத்தன நாளா?"

"சித்திரையிலருந்து. சொன்னா வண்டிய விட்டுருன்னுவ. பெறகு நான் என்ன செய்ய?"

இடப்பக்கம் முழுக்கப் பள்ளம். வீடு வரும்வரை ஒவ்வொரு வளைவையும் நான் சொல்லிக்கொண்டே வந்தேன். ராஜகுமாரியை என்னவெல்லாம் நினைத்துவிட்டேன்.

ஜூன் 21

சாவியை அரிசிப் பானைக்குள் போட்டேன். அவர் தேடவில்லை.

ஜூலை 12, சனி

இன்று தேர்வு. போகவில்லை. திண்டுக்கல் கண் ஆஸ்பத்திரியில் இன்றைக்குத்தான் நாள் கொடுத்தார்கள். வேறு நாள் கேட்டிருக்கலாம். ஆனால் இன்னொரு முறை இவர் கிளம்புவார் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்தேன். நல்ல வெயில். வெகுநேரம் வெளியே பார்த்தபடி வந்தவர், என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: "பெருமாள்மலை வந்துருச்சா?"

தாண்டி அரை மணி நேரம் ஆகியிருந்தது.

"இந்தா, வரப்போகுது" என்றேன்.